வருஷத்துக்கு ஓர் அங்குலம்

நீளம் இருபத்து நாலு அங்குலம் என்றார்
கண்ணூர்க்காரர், நாயக் ஸ்ரீஜேஷ்.
வருஷத்துக்கு ஓர் அங்குலம், சாரே.
அகலம் உயரமெல்லாம் உங்கள் இஷ்டம்.

கீரைத்துறை மில்லில் அப்போது
ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாதி கேட்டேன்.
பதினோரு பேர் பங்கு, ஆளுக்கு எண்ணூற்று ஐம்பது.
பொழுது சாய்வதற்குள் பத்துப் பேர் அனுப்பிவிட்டார்கள்.
பதினோராவது ஆள் முந்நூறு அனுப்பி
மீதி ஒன்றாம் தேதி என்று எழுதியிருந்தார்.
பெயர் தெரிந்தது. சொல்ல மாட்டேன்.

அந்தக் காசுக்குத் தேக்கு வராது.
வாகையில் செய்தேன்.
ஜெயித்தவன் சூடுவது என்று
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பூவின் மரம்.
அறுத்தால் தூசு மூக்கிலேறி
ரெண்டு நாள் தும்ம வைக்கும்.
போருக்குச் சூடிய தும்பை வெறும் செடி.
அதில் ஒரு சீப்புகூடச் செய்ய முடியாது.

மூடியில் பெயர்: ஹவில்தார் காசிமாயன்.
அதன் கீழே எட்டு இலக்கம், ஓர் எழுத்து.
பக்கப் பலகைகளில் இருந்த ஊர்கள்,
வெலிங்டன், ஜம்மு, தேஜ்பூர், மறுபடி ஜம்மு.
ஓர் ஊருக்கு மட்டும் ரெண்டு குரல் செய்தி.
அது வேண்டாம் சாரே, அந்தப் பேரை
அவர் வாயில் எடுக்க மாட்டார், என்றது முதலாவது.
ராத்திரி பதினொன்றரைக்கு இன்னொன்று,
வேறொரு ஆள், பின்னால் காற்றிரைச்சல்:
"ஆசாரி, அதை உள்ளே அடிப்பலகையில வெட்டுங்க.
மேல துணி ஒட்டி மறைச்சிருங்க.
அண்ணன் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு
வந்தது அங்கருந்துதான்."

வெட்டினேன். சிவப்பு வெல்வெட் ஒட்டினேன்.
அந்த ஊரை நானும் இங்கே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பவுன்தாய் வந்தார்,
ஆரப்பாளையத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து.
வழியனுப்பு விருந்தில் படத்தைத்தான் கொடுப்பார்களாம்,
பெட்டி நேரே வீட்டுக்கு.
கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே
ரெண்டு கறுப்பு டிரங்குப் பெட்டி,
வெள்ளை பெயின்டில் இதே பெயர்.
"இதை எங்கிட்டு வைக்க?"
சாண் போட்டு அளந்தார்.
"பாட்டில் நிக்கிற உசரம் இருக்கே, குறைக்க முடியாதா?"
முடியாது என்றேன்.

அப்புறம் மூடியில் விரல் வைத்து வாசித்தார்.
ஐந்தாவது இலக்கத்தில் விரல் நின்றது.
"இது மூணு இல்ல, எட்டு."
போனைக் காட்டினேன். மூன்றுதான்.
"அவுக எழுதுனது தப்பு.
இன்லேண்டு லெட்டர்ல, கேன்டீன் கார்டுல,
பிள்ளைக பள்ளிக்கூட பாரத்துல,
ரெண்டாவது பிரசவத்துக்குக் கையெழுத்துப் போட
ஆளில்லாதப்ப ஆஸ்பத்திரில,
நான் எழுதி எழுதித் தேஞ்ச நம்பர்.
என் போன் நம்பர்கூட மறந்துபோகும்."

ரெண்டு வளைவுதான்.
மூன்றைச் சாத்தினால் எட்டு.
அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு
உளி எங்கும் வழுக்கிவிடக் கூடாதென்று
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
டீ ஆடை கட்டிப் போனது.
கிளம்பும்போது வெல்வெட்டைத் தடவி,
"இதுக்கடியில ஒண்ணுமில்லையே?"
மரம், என்றேன்.

டாடா ஏஸில் ஏற்றிவிட்டு
அடுத்த வேலைக்கு, ஒரு சாமி வாகனத்தின்
உடைந்த காலுக்கு, போய்விட்டேன்.
கடைசி வாரத்தில் ஒரு மிஸ்டு கால்.
கூப்பிட்டால் காசிமாயன்.
பெட்டி ஜோர் என்றார்.
ரெண்டாவது சாவி எங்கே என்றார்.
வீட்டம்மாவிடம் என்றேன். சிரித்தார்.
பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஆட்டுக்குட்டிச் சத்தம் மட்டும்.
"வெல்வெட்டு ஒரு ஓரமாப் பிரிஞ்சிருக்கு."
ஃபெவிகால் போதும் என்றேன்.
"ஒட்டித்தான் ஆகணுமா?"

ஒன்றாம் தேதி காலை ஐந்தேகாலுக்கு
ஐந்நூற்று ஐம்பது வந்தது.
கூடவே ஒரு வரி:
அண்ணன் போன் பண்ணினாங்க.