மீதி முப்பது

ரெட்டிச்சாவடி தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரம்
தேவநாதன் பிரேக் அடித்த இடத்தில்
ஐந்தாவது சீட்டுக்காரர்
எழுந்திருக்காமலே விழுந்தார்.

இருபது ரூபாய் டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் நோட்டு.
‘மீதி 30’ என்று டிக்கெட்டின் முதுகில்
கிறுக்கிக் கொடுத்திருந்தேன்,
சில்லறை சேர்ந்ததும் தருகிறேன் என்று.

தோளைத் தட்டினேன். ஐயா. ஐயா.
வாய் மட்டும், ஏலக்கூடை மீன் மாதிரி,
எப்போதாவது ஒருதரம் திறந்தது.
“மூச்சு இருக்குப்பா” என்றது முன்சீட்டு.
“இரும்புச் சாவி கொடுங்க கையில” என்றது பின்சீட்டு.
ஒருவர் சோடா. ஒருவர் முகத்தில் தண்ணீர்.

அது மூச்சில்லை.
டிப்போவில் ஒரு சனிக்கிழமை
காலில்லாத பொம்மையைக் கிடத்திய நர்ஸம்மா
இதை மட்டும் மூன்று முறை சொன்னார்:
அந்த விக்கலை மூச்சென்று நம்பி நின்னா
ஆளை விட்டுடுவீங்க.
நாங்கள் டீக்கும் வடைக்கும் கையெழுத்துப் போட்டவர்கள்.
சரியாக அழுத்தினால் பொம்மை ‘க்ளிக்’ என்னும்.
அதற்காகவே சிரித்துச் சிரித்து அழுத்தினோம்.

இங்கே க்ளிக் இல்லை.
நடுநெஞ்சில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொன்று,
முழங்கை மடங்காமல், என் முழுப் பாரமும் இறங்க.
ஆறிலோ ஏழிலோ விலா ஒன்று
சவுக்கு மிலாறு போல ஒடிந்தது.
நிறுத்தாதீங்க, என்றார் நர்ஸம்மா என் காதுக்குள்,
எலும்பு ஒட்டிக்கும்.

இருபத்தாறு வருஷமாய்த் தலை எண்ணுகிறவன் நான்.
ஒரு தலை குறைந்தாலும் செக்கருக்குப் பதில் சொல்ல வேண்டும்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
தலையைச் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து
இரண்டு ஊதல்.
விசில் பழகிய வாய்.
ஒன்று என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
புகையிலை வாசம், அவருடையதோ என்னுடையதோ.
நெஞ்சு எழுந்து தாழ்ந்தது.
வண்டி நகரவில்லை.

மறுபடி.

கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் 108-இடம்
“பங்க் எதிர்ல இல்ல, அதுக்கும் இந்தப் பக்கம்” என்று கத்திக்கொண்டிருந்தாள்.
என் கை ஓய்ந்தபோது “தள்ளுண்ணே” என்றான் ஒருவன்.
முள்ளோடையில் ஏறியதிலிருந்து
விறைத்தே உட்கார்ந்திருந்த பையன்.
அவனுக்குக் குனிய வரவில்லை.
சட்டையைத் தூக்கி, இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த
குவார்ட்டர் பாட்டில்களை ஒவ்வொன்றாய் உருவி
சன்னலோர சீட்டில் நிறுத்தினான்.
பதினொன்று. எண்ணினேன், பழக்கம்.
பிறகு மண்டியிட்டான்.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியிலிருந்து
காக்கி ஒன்று பின்படியில் ஏறியது.
பாட்டில்களைப் பார்த்தது. பையனைப் பார்த்தது.
பையன் தலை தூக்கவில்லை. “பதினேழு, பதினெட்டு.”
தொப்பியைக் கழற்றிப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்து
“அடுத்து நான்” என்றது காக்கி.

ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சில் இரண்டு ஒட்டு ஒட்டி
எல்லோரையும் விலகச் சொன்னார்கள்.
ஒரே ஒரு உதறல்.
பிறகும் அழுத்தினார்கள்.
கதவு மூடுகிற வரைக்கும்
அந்த நெஞ்சின்மேல் யாருடைய கையோ இருந்தது.

பையன் பாட்டில்களைத் திரும்பக் கட்டிக்கொண்டபோது
ஒன்பதுதான் இருந்தன.
அவன் கேட்கவில்லை. காக்கியும் சொல்லவில்லை.
தேவநாதன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
விசிலை வாயில் வைத்தேன், காற்று வரவில்லை.
தகரத்தைக் கையால் தட்டினேன், இரண்டு தட்டு.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் மறுநாள் கேட்டேன்.
பேர் எத்திராசுலு. உள்ளே இருக்கிறார்.
இன்னும் கண் திறக்கவில்லை.
வராந்தாவில் அவர் மகள், மடியில் அவருடைய செருப்பு.
என்ன சொல்லிக் கொடுப்பதென்று தெரியாமல்
திரும்பிவிட்டேன்.

மூன்று பத்து ரூபாய்,
கலெக்‌ஷன் பையில் சேர்க்காமல்
சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.
அவரே வந்து
டிக்கெட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளட்டும்.