சல்லிக் கடலில் அஸ்தமனம்

கதைப்படி சூரியன் கடலுக்குள் இறங்கவேணும்.
ஹொங்கொங்கில் இருந்து அதை எழுதினவருக்கு
திருகோணமலையில் கடல் கிழக்கு என்று
ஒருவரும் சொல்லவில்லை.

முதல் நாள் பின்னேரம்
கமராவைக் கடலுக்கு நேரே நிறுத்திக் காத்திருந்தார்கள்.
சூரியன் அவர்களின் முதுகுக்குப் பின்னால்,
ஹோட்டல் தண்ணீர்த் தாங்கிக்கு அங்கால்,
சத்தமில்லாமல் போய்விட்டது.
டைரக்டர் திரும்பிப் பார்த்தார்.
அரை மணித்தியாலம் சிகரெட்.
பிறகு சிரித்தார்.

விடியலில் எடுத்துப் பின்பக்கமாய் ஓட்டலாம்.

அந்த முடிவு கன்ரனீஸிலிருந்து இங்கிலிசுக்கும்
இங்கிலிசிலிருந்து இந்துனிலின் சிங்களத்துக்கும்
அதிலிருந்து நஸ்றுல்லாவின் தமிழுக்கும் வந்து சேர்ந்தபோது
"நாளைக்கு எல்லாரும் பின்னால நடக்கிறதாம்"
என்று மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் கதாநாயகியின் உயரம்.
அதுதான் என் தகுதி.
லைட் சரிவரும்வரை அவ குளிரூட்டின வானுக்குள் இருப்பா;
நான் அவவின் மஞ்சள் சட்டையோடு வெளியில் நிப்பன்.
கதாநாயகனுக்கு நஸ்றுல்லா,
கிண்ணியாவில் ஐஸ் லொறி ஓடுறவர்.
தூரத்து ஷொட் என்றால் நாங்களே போதும்.

கதை என்னவென்றால்,
பதினொரு கோப்பை நூடில்ஸ் காசு
அவன் அவளுக்குத் தரவேணும்.
கேட்டுக் கேட்டுத்தான் காதல் வருதாம்.
மிச்சத்தை டைரக்டர் இரவிரவாய்
ஹோட்டல் பில்லின் பின்பக்கத்தில் எழுதினார்.

காலை ஐந்து ஐம்பது.
கடைசியில் கட்டிப்பிடிக்கவேண்டியவர்கள்
முதலில் கட்டிப்பிடித்தோம்.
இல்லை. ஒரு சாண் இடம் விட்டு நின்றோம்,
தூரத்துக்கு அது தெரியாதாம்.
அவரின் சேட்டில் ஐஸ் ஃபக்டரி மணம்.
பிறகு விலகினோம்,
முதுகு போகிற பக்கம் தெரியாமல்
முகத்தை முகம் பார்த்தபடி.

"கதைச்சுக்கொண்டு போங்க, குரல் பிறகு போடுவாங்க!"
இந்துனில் கத்தினார்.
என்னத்தைக் கதைக்கிறது?
"பின்னுக்கு நண்டுக் குழி, பாத்து" என்றார் அவர்.
"உங்களுக்குப் பின்னுக்கு நாய்" என்றேன் நான்.
சிரிப்பு வந்தது. அது நடிப்பில்லை.

சம்மாட்டி கதிர்காமத்தம்பியின் ஆக்கள்
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டதுக்கு
"கடல் கட் சொன்னா நிக்காது" என்றார் அவர்.
மூன்று விடியல். மூன்றே டேக்.
நாளுக்கு இரண்டாயிரமும் சோத்துப் பார்சலும்.

அடுத்த வருசம் டொக்கியாட் றோட்டுக் கடையில்
நூற்றைம்பது ரூபாய்க்கு டிஸ்க் வந்தது.

பாருங்கள்:
எங்கட கடலுக்குள் சூரியன் இறங்குது.
நுரை கூடி அலையாய் எழும்பிப் பின்வாங்குது.
ஆறு ஆம்பிளையள் வலை நிறைய வெள்ளிச் சூடையை
மெள்ள மெள்ளக் கடலிடம் திருப்பிக் குடுக்கினம்.
ஹொங்கொங்கில் அதை ஆர் கவனிச்சிருப்பினம்.
நாய் வாலை முன்னுக்கு விட்டு நடக்குது.
நானும் அவரும் ஒருத்தரை நோக்கி ஒருத்தர் வாறம்.
ஒருக்காலும் வராத மாதிரி வாறம்.
என் வாயில் ஆரோ ஒரு பெண்ணின் குரல்
நூடில்ஸ் கணக்குக் கேட்குது.
அவரின் வாயில் நண்டுக் குழி இல்லை.

கட்டிப்பிடிக்கப் போற இடத்தில் வெட்டி
கதாநாயகியின் முகத்தைப் போட்டுவிட்டார்கள்.

நான் றிமோட்டில் பின்னுக்கு ஓடுற பட்டனை அழுத்துறன்.
குரல் போயிடும்.
சூரியன் கிழக்கில சரியா உதிக்குது.
மீன் கரைக்கு வருது.
நஸ்றுல்லா ஒவ்வொரு அடியாய்,
சிரிச்சபடி,
போறார்.