பன்னிரண்டில் நான்காவது

இன்சுலின் குப்பிகளுக்குப் பின்னால்
என் பிலிம் சுருள்கள் இருக்கின்றன.
மருந்துக்கடை முதலாளிக்குத் தெரியும்.
"எக்ஸ்பைரி பாத்து வைம்மா" என்பதோடு சரி.

யாஷிகாவைக் காரைக்காலில்
பழைய இரும்புக் கடையில் வாங்கினேன்.
தராசில் வைத்தார் அபூபக்கர்.
தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம்.
பிறகு இரும்புக்குச் சம்பந்தமே இல்லாத
ஒரு விலை சொன்னார்.

அதற்கு இரண்டு கண்.
மேல் கண் வழியே நான் பார்ப்பேன்,
கீழ்க் கண் வழியே பிலிம் பார்க்கும்.
மேலது பளிச்சென்று இருந்தது.
கீழதன் ஓரத்தில்
நத்தை ஊர்ந்த தடம்போலப் பூஞ்சை.
நான் பார்ப்பது ஒன்று, கிடைப்பது ஒன்று
என்று முதல் நாளே ஒப்புக்கொண்டுதான்
பழக ஆரம்பித்தோம்.

வயிற்றருகே வைத்துக் குனிய வேண்டும்.
தலைஞாயிறு ரெகுலேட்டர் பாலத்தில்
முதன்முதலில் குனிந்தபோது
லஸ்கர் சந்தியாகு கேட்டார்:
"என்ன, கும்புடுறியா?
தண்ணியே இல்லாத ஆத்தையா?"

சொரசொரப்புக் கண்ணாடியில்
இடம் வலமாகும், வலம் இடமாகும்.
கிழக்கே மிதித்த சைக்கிள்காரர்
மேற்கே போனார்.
கடலைப் பார்த்துச் சரியும் அடப்பாறு
மேட்டூரைப் பார்த்துச் சரிந்தது.
வெடித்த களிமண்ணாகக் கிடந்த ஆறு,
எந்தப் பக்கம் போனால்தான் என்ன.

அது வைகாசி.
ஆற்றுக்குள் இறங்கி, வெடிப்புகளுக்கு நடுவே
குத்தவைத்து
சந்தியாகு பீடி பற்றவைத்தார்.
நூறில் ஒரு பங்கு நொடி.
மூடி கவிழ்க்கையில் போன் வந்தது,
காய்ச்சல் சிரப் எந்தத் தட்டில் என்று.
சொல்லிக்கொண்டே நடந்தேன்.
திருகைத் திருகவில்லை.

பன்னிரண்டே பன்னிரண்டு படம் ஒரு சுருளுக்கு.
மிச்சத்தைத் தண்ணீருக்காக வைத்திருந்தேன்.

ஆனியில் திறந்தார்கள்.
கல்லணை வந்துட்டு. நீடாமங்கலம் தாண்டிட்டு.
மாத்திரை வாங்க வருகிறவர்கள்
சீட்டை நீட்டுமுன் இதைச் சொன்னார்கள்.
பிறகு நாலைந்து நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆடி பிறந்து இரண்டாம் நாள்,
அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள்
கத்தரியோடு ஓடினேன்.

நுரைதான் முதலில் வந்தது.
அதன் பின்னால் ஒரு செருப்பு, வைக்கோல்,
ஆகாயத்தாமரை, பெயர் தெரியாத கட்சியின் கொடித்துணி.
பிறகு தண்ணீர்,
இடம் பார்த்து உட்காருகிற விருந்தாளி மாதிரி
ஒவ்வொரு வெடிப்பாக.
பாலத்தில் அதே மூன்றாவது கம்பி.
எதிரே சந்தியாகு சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்,
சட்டையெல்லாம் கிரீஸ்.
குனிந்தேன். அழுத்தினேன்.
மீதி எட்டும் அன்றைக்கே தீர்ந்தன:
நுரை, செருப்பு, குதிக்கிற பையன்கள், மறுபடி நுரை.

எங்கள் போர் தண்ணீர் உப்பு.
டீத்தூளே அதில் முகம் சுளிக்கும்.
பிலிமின் கடைசி அலசலுக்கு
ஆற்றில் ஒரு கேன் பிடித்து வந்து
வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன்.
போதவில்லை.
குளியலறைக் கொடியில் காய்ந்த சுருளில்
புள்ளி புள்ளியாக வண்டல்.

நான்காவது படத்தில்
தண்ணீர் ஓடுகிறது, அதன் மேலேயே
வெடிப்புகளும் இருக்கின்றன.
அடியில் சந்தியாகு
குத்தவைத்துப் பீடி பற்றவைக்கிறார்.
மேலே சந்தியாகு ஷட்டரைத் திறக்கிறார்.
ஓரத்தில் பூஞ்சை,
கரையில் வளர்ந்த ஏதோ செடிபோல.

பிரிண்டை அவரிடம் கொடுத்தேன்.
தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.
"எம்மேலயே தொறந்து வுட்டுருக்கேனே."
கொஞ்ச நேரம் கழித்து,
"பீடி அணையல, பாரு."

திருப்பித் தரவில்லை.
தண்ணீர் அளவு எழுதும் நீள நோட்டை எடுத்தார்.
வைகாசிப் பக்கங்கள் முழுக்கச் சுழியம்,
தேதிக்கு ஒன்று, அவர் கையெழுத்தில்.
ஆடியில் ஒன்றே முக்கால் அடி.
எச்சில் தொட்டு முன்னும் பின்னும் புரட்டினார்.

"எந்தத் தேதியில வைக்க?" என்றார்.
நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.