அகலம்: ஒன்று நாற்பது

யானினாவிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம்,
அப்புறம் கழுதைத் தடம்.
அலுவலகம் தந்த படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
கட்டிய ஆண்டு: தெரியவில்லை.
கட்டியவர்: தெரியவில்லை.
பணம் கொடுத்த கம்பளி வியாபாரியின் பெயர் மட்டும்
உச்சிக்கல்லில், முக்கால்வாசி உதிர்ந்து:
"...டாஸ்."

ஒற்றை வளைவு.
சோம்பல் முறிக்கும் பூனையின் முதுகு.
ஆணி இல்லை, கம்பி இல்லை.
சுண்ணாம்பில் ஆட்டுமயிர் கலந்திருக்கிறார்கள்,
நகத்தால் சுரண்டினால் இழை வருகிறது.
மற்றபடி கனம்தான் பசை.
விழப்பார்க்கும் ஒவ்வொரு கல்லுக்கும்
பக்கத்துக் கல் வழிவிடவில்லை,
முந்நூறு வருடமாக,
அவ்வளவுதான்.

கைப்பிடிச் சுவர் முழங்கால்கூட எட்டவில்லை.
பாதுகாப்புக் குறை என்று எழுதினேன்.
தேன்பெட்டிகளோடு வந்த ஃபோட்டிஸ் சிரித்தார்:
"சுவரை உயர்த்திவிட்டால்
கோவேறு கழுதையின் பொதி எங்கே போகும், அம்மணி?"
அடித்தேன்.

வளைவின் அடிவயிற்றில்
ஒரு வெண்கல மணி தொங்குகிறது.
காற்று அதை ஆட்டும் நாளில் யாரும் கடப்பதில்லையாம்.
மணிக்குக் கட்டம் இல்லை.

தற்போதைய பயன்பாடு?
கீழே ஐந்து கிலோமீட்டரில் கான்கிரீட் பாலம்,
லாரியே போகும்.
'இல்லை' என்று எழுதிவிட்டு
அளவுநாடாவைக் குறுக்கே நீட்டினேன்.
அக்கரையில் ஆட்கள்.

தபால் நிலையத்துப் பொலிக்சேனி, ஐம்பத்தெட்டு வயது.
கல்லறைத் தோட்டம் இந்தப் பக்கம்.
ஆறு பேர் தூக்கி வந்த பெட்டி
பாலத்தின் வாயில் நின்றது.
பக்கத்துக்கு மூவராய் இங்கே நடக்க முடியாது.
யாரும் சொல்லாமலே நால்வர் விலகினார்கள்.
முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன்.
கரையோரம் குனிந்து மணியைப் பார்த்தார்கள்.
காத்திருந்தார்கள்.
பிறகு ஏறினார்கள்.

ஏற்றத்தில் வெறும் மூச்சுச் சத்தம்.
இறக்கத்தில் பெட்டி சாய்ந்தது,
கால் கீழே, தலை மேலே.
அவள் தானே நடந்து
இறங்கி வருவது போலிருந்தது.
நாடாவைச் சுருட்ட மறந்து நின்றேன்.
பின்னால் தூக்கியவனின் ஈரக் காலணி
எண்களின் மேல் பதிந்தது.

விலகிய நால்வரும் வரிசையாய்ப் பின்னால்.
கடைசி ஆள் நின்று,
தொப்பியைக் கையில் பிடித்தபடி
என் படிவத்தை எட்டிப் பார்த்தான்.
"மணியை எழுதினீர்களா?"
கட்டம் இல்லை என்றேன்.
"ஓரத்தில் இடம் இருக்கிறதே."

சேற்றைத் துடைத்து நாடாவைப் படித்தேன்.
ஒரு மீட்டர் நாற்பது.
'இல்லை'யின் மேல் கோடு போட்டேன்.
மீதியை ஓரத்தில் எழுதிக்கொண்டே போனேன்,
தாளைத் திருப்பித் திருப்பி,
மணியில் தொடங்கி.