பதினேழாவது அடுக்கு

டயர் கடைக்கு மேல்மாடியில் என் அறை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம்
திரை கொஞ்சம் நடுங்கும்.
பாடாங் செராயில் அனிமேஷன் செய்கிறேன் என்றால்
"கல்யாண வீடியோவா?" என்கிறார்கள்.
அதுவும்தான்.

இந்த மாதம் செம்பனை ஆலைக்கு.
பாதுகாப்புப் படம், நாற்பது வினாடி,
மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று, வங்காளத்தில் ஒன்று.
உதடு அசையாவிட்டால் விலை குறையும் என்றேன்.
அதனால் என் மனிதர்களுக்கு வாய் இல்லை.

அடியிலிருந்து அடுக்கினேன்.
வானம். புகைபோக்கி. புகை தனியாக,
அது ஓயாமல் நகர வேண்டும்.
ஒரு குலை வரைந்து அறுபது முறை ஒட்டியது.
கன்வேயர், அதன்மேல் பல்சக்கரம்,
அதற்கும் மேல் மஞ்சள் தொப்பியோடு ஓர் ஆள்.
வலது கையைத் தனி லேயரில் வைத்தேன்,
அசைக்க வசதி என்று.
வேறெதையும் நினைக்கவில்லை.

மேலாளர் ருஸ்டி தந்த அறிக்கையில் இரண்டே நேரம்:
10.42, சம்பவம்.
10.55, கிளினிக்கில் சேர்ப்பு.
மென்பொருளுக்கு அது போதும்.
டைம்லைனில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி,
நடுவில் உள்ளதைத் தானே வரைந்துகொள்ளும்.
ஓட்டிப் பார்த்தேன்.
ஆள் கால் தூக்காமல் வழுக்கிக்கொண்டே போனார்,
ஈரத் தரையில் விட்ட சோப்புக்கட்டிபோல,
படியை ஊடுருவி, சுவரை ஊடுருவி,
நேரே கிளினிக் வாசலுக்கு.
சீராக. வலிக்காமல்.

ஆலை எடைமேடையில் லோரி எண் எழுதும் புஷ்பவேணி
தம்பி கல்யாணப் படம் வாங்க வந்தவள்
என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.
"வேதமுத்து அண்ணனா?"
நான் 'ஆள் 1' என்று வைத்திருந்தேன்.
"அப்படிப் போகலியே அவரு."

அவள் சொல்லச் சொல்ல
ஒவ்வொரு புள்ளியாகக் குத்தினேன்.
10.43, ரெசாவுல் என்ற பையன் விசையைத் தட்டினான்.
நிற்கவில்லை. மறுபடி தட்டினான், நின்றது.
10.45, உட்கார்ந்தார், குலைகளின் மேலேயே.
10.46, கைக்கடிகாரத்தைக் காணோம், தேடுங்கள் என்றார்.
இதையும் வரையவா என்றேன்.
"தேடுனோமே" என்றாள்.
10.49, தண்ணீர். அவளுடைய போத்தல், நீல மூடி.
10.50, வேன் இருக்கிறது, சாவி இல்லை.
சாவிக்காரர் பசியாறப் போயிருந்தார்.
அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.
10.55 வரை கோடு சாம்பல் நிறத்தில் கிடந்தது.
நானும் அங்கே எதையும் வைக்கவில்லை.

ருஸ்டி கெட்டவர் இல்லை.
எனக்கும் சேர்த்து தே தாரிக் கட்டி வாங்கி வந்தார்.
முழுதாகப் பார்த்தார், இரண்டு தரம்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாற்பது வினாடி.
கையுறை, விசை, நன்றி. போதும்."

லேயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண் உண்டு.
தட்டினால் மூடிக்கொள்ளும்.
படம் இருக்கும், தெரியாது.
அழிப்பதற்குப் பதில் அதைத் தட்டினேன்,
ஆள், கை, குலைமேல் உட்கார்ந்த உடம்பு,
ரெசாவுல், கடிகாரம், ஒவ்வொன்றாக.
இரவு மூன்று மணிக்கு அனுப்பினேன்.
பணம் முழுதாக வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாள் கழித்துப் புஷ்பவேணி கூப்பிட்டாள்.
கேன்டீனில் மதியச் சோற்று நேரத்தில் ஓடுகிறதாம்,
சத்தம் குறைத்து.
"என் போத்தல் தெரியுது."

ஃபைலைத் திறந்தேன்.
பதினேழாவது லேயரில் கண் திறந்தே இருந்தது.
கையுறை மாட்டச் சொல்லும் புதிய ஆளுக்குப் பின்னால்
நீல மூடிப் போத்தல் ஒன்று
யாரும் பிடிக்காமல் நகர்ந்து வந்து
குலைகளுக்கு மேலே வெறும் காற்றில் சாய்கிறது,
அரை வினாடி நிற்கிறது,
நிமிர்கிறது.

திருத்தித் தா என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.
சாப்பிடும்போது அந்த இடம் வந்தால்
ரெசாவுல் கை கழுவ எழுந்து போகிறானாம்.