வாடை

மரம் எதுவும் விழவில்லை.
இலை அசையும் காற்றுகூட இல்லை.
ஜனவரி, அதிகாலை மூன்று பத்து.
பவானா துணைமின் நிலையத்தில்
ஹீட்டரின் ஒற்றைக் கம்பிக்குக் கால் நீட்டியிருந்தேன்.
இரண்டாம் லைன் விழுந்தது.

தானாக ஒருமுறை எழுந்தது.
மறுபடி விழுந்தது.

ஒன்றாம் லைன் மட்டும் தனியாகச் சுமந்தது.
முள் சிவப்புக்குப் போக,
எதையாவது இறக்க வேண்டும்.
நரேலாவின் சுவிட்சைத் திருப்பினேன்.
எண்பதாயிரம் வீடு இருக்கும்.
திருப்ப ஒரு விநாடி ஆகவில்லை.

பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம்.
புயல், குரங்கு, பட்டத்து நூல்,
எல்லாம் எழுதியிருக்கிறேன் அதில்.
இன்றைக்கு மூடுபனி என்று எழுதி
கீழே கையெழுத்திட்டேன்:
இளவேனில், ஷிப்ட் பொறுப்பு.
ஜக்பீருக்குத் தமிழ் தெரிந்திருந்தால்
அங்கேயே சிரித்திருப்பார்.

வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று,
வாடைக்கு அவ்வளவுதான் பொருள் என்றிருந்தேன்.
அது புறப்படும் ஊருக்கே வேலைக்கு வந்த பிறகுதான்
இரண்டாம் பொருள் மூக்கில் ஏறிற்று.
வைக்கோல் எரிந்த வாடை.
செங்கல் சூளை, டீசல்,
காவலாளி யாரோ குளிருக்குக் கொளுத்திய டயர்,
அணைந்ததே இல்லாத குப்பைமலை.
தீபாவளியிலிருந்து அவை ஏறி ஏறிப் படிகின்றன
கோபுரத்தில் இட்லித் தட்டுகளாய் அடுக்கித் தொங்கும்
பீங்கான்களின்மேல்.
காய்ந்திருக்கும்வரை அழுக்கு.
நனைந்தால் பாதை.

தொலைபேசியில் ஒரு பெண்.
லைட் போய்விட்டது என்றாள்,
கோபித்துக்கொண்டு போன ஆளைச் சொல்வதுபோல.
கணவருக்கு ஆக்ஸிஜன் கருவி ஓடுகிறது,
பேட்டரி நாற்பது நிமிஷம்.
எங்கே அறுந்தது கம்பி, என்று கேட்டாள்.
எங்கும் அறுபடவில்லை என்றேன்.
பிறகு எப்படிப் போகும்?
போகவில்லை அம்மா,
நான்தான் அனுப்பினேன்.
இதைச் சொல்லவில்லை.
ஏற்பாடு நடக்கிறது என்றேன், அலுவலக ஹிந்தியில்.

ஜக்பீர் கடுகு வயலுக்குள் நடந்துகொண்டிருந்தார்.
டார்ச் அடித்தால் வெளிச்சம்
அவர் முகத்துக்கே திரும்புகிறதாம்.
அணைத்துவிட்டு, காதால் தேடினார்.
நாற்பத்தேழாம் கோபுரத்தடியில் நின்று
போனை மேலே தூக்கிப் பிடித்தார்: கேளுங்க மேடம்.
உயிரோடிருந்த ஒன்றாம் லைன்
எண்ணெயில் கடுகு போட்டமாதிரி பொரிந்துகொண்டிருந்தது.
அவ்வளவு பெரிய இருட்டில் அவ்வளவு சின்னச் சத்தம்.
அதுவும் விழுந்தால் என்ற வாக்கியத்தை
இருவருமே முடிக்கவில்லை.

ரோஹிணிப் பக்கம் கெஞ்சி, கடன் வாங்கி
நரேலாவைத் திரும்ப ஏற்றியபோது மூன்று ஐம்பத்தொன்று.
விரலால் எண்ணினேன்.
அவள் அழைத்தபோது மணி என்ன என்று
எழுதி வைக்கவில்லை நான்.

காலையில் என்னை விடுவிக்க வேண்டிய தன்வீரின் ரயில்
கர்னாலுக்கு அருகே எங்கோ பனியில் நின்றுவிட்டது.
பதினொரு மணிக்கு ஒரு வெளிறிய சூரியன்.
பெர்மிட் எழுதி, எர்த் போட்டு,
ஜக்பீர் ஏறினார், இடுப்பில் துணிமூட்டையோடு.
தட்டு தட்டாய்த் துடைத்தார்.
மூன்றாவதில் விளிம்போரம் கருகல்,
விரல்நுனி அளவு.
இறங்கி வந்து துணியை விரித்துக் காட்டினார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் மூக்கைச் சிந்திய என் கைக்குட்டை
கைப்பைக்குள் மடித்திருந்தது,
அதே நிறத்தில்.

மாலை ஐந்தரைக்கு அதே குரல்.
இருக்கிறாரா என்று நான் கேட்பதற்குள்
பின்னால் யாரோ இருமினார்கள்.
எனக்கு உட்கார வேண்டும்போலிருந்தது;
உட்கார்ந்துதான் இருந்தேன்.
இன்று ராத்திரியும் போகுமா, என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே
முதல் கோபுரம் முழுதாய்த் தெரிந்தது.
இரண்டாவது, பாதி.

பேட்டரியை இப்போதே
சார்ஜில் போட்டுவிடுங்கள் என்றேன்.