முதல் பன்னிரண்டு விநாடி

என் தொழிலுக்கு ஒரே வேதம்தான்:
மூன்று விநாடிக்குள் பிடித்துவிடு,
இல்லாவிட்டால் கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.
பிள்ளை சிரிக்கட்டும், கண்ணாடி உடையட்டும்,
எண்ணெயில் முறுக்கு விழுந்து பொங்கட்டும்.
காரணமெல்லாம் பிறகு.

பங்சாரில் ஒன்பதாவது மாடியில்
பதினொரு வருடமாக வெட்டி ஒட்டுகிறேன்.
காப்புறுதி, கைப்பேசி, முகப்பூச்சு,
வருடத்துக்கு ஒரு முறை
எல்லா இனமும் ஒரே மேசையில் உண்ணும் தீபாவளி.
மேசையை மாலை ஐந்துக்குள்
வாடகைக்குக் கொடுத்தவரிடம் திருப்பியாக வேண்டும்.

அன்று சனிக்கிழமை.
செந்தூலில் எங்கள் அடுக்ககத்தின் கீழே ஒரு ஹாரன், நிற்காமல்.
மூன்றாம் மாடி நடையில்
காயப்போட்ட துண்டுகளை விலக்கி, கையை நீட்டி எடுத்தேன்.
ஒரு நிமிடம், ஐந்து விநாடி.

கேஸ் தோம்பு கொண்டுவரும் சுப்புராயன்
வெள்ளை மைவி ஒன்றின் மூக்கில் ஓங்கி அறைகிறார்.
ஓட்டி வந்த பையன் கைகூப்புகிறான்.
அவர் விடவில்லை.
வாயில் வந்ததையெல்லாம், அவன் தாயையும் சேர்த்து.

இரவில் அறையிலிருந்து தொடங்கும்படி வெட்டினேன்.
வன்மம் இல்லை, சத்தியமாக இல்லை.
கை அப்படிப் பழகியிருந்தது.
முன்னாலிருந்த பன்னிரண்டு விநாடி மந்தம்:
பாதிப் படத்தைத் தூண் மறைக்கிறது,
கார் பின்னோக்கி வருகிறது, ஒரு இடி,
பிறகு வெறும் தார் சாலை,
சரிவில் இரும்பு உருளும் ஓசை.
கீழே பூப்பந்து ஆடிய இரண்டு சிறுமிகள் படத்தில் இல்லை.
ஓடிப்போய்த் தோம்பின் குறுக்கே
அவர் போட்ட காலும் இல்லை.
நான் பார்த்தேன். கேமரா பார்க்கவில்லை.

ஞாயிறு மதியத்துக்குள் நான்கு லட்சம் பேர்.
‘இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பேரு கெடுது’
என்று எழுதியவரின் படத்தில்
விபூதி, ரோஜா மாலை, பணிவான சிரிப்பு.
ஒருவர் கடைப் பெயரைக் கண்டுபிடித்தார்.
இன்னொருவர் அவர் மகள் படிக்கும் பள்ளியை.
நானும் தேடிக்கொண்டிருந்தேன்,
எண் ஏறுகிறதா என்று:
மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறும்போது,
அலுவலகக் கழிவறையில்,
ஒருமுறை மனைவி பேசிக்கொண்டிருக்கையில்.

புதன்கிழமை அந்தக் காணொளிக்கு முன்னால்
ஒரு விளம்பரம் ஓடியது.
மழை, புல்லாங்குழல்,
யாரோ ஒருவரின் நனைந்த பையைத் தூக்கிவிடும் இளைஞன்.
‘புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்.’
வெட்டியது நான். வாசகமும் என்னுடையதே.
ஐந்து விநாடி கழித்துத் தாண்டலாம் என்றது திரை.
தாண்டினேன்.

அடுத்த மாதம் தோம்பு கொண்டுவந்தவன் வேறு பையன்.
லிஃப்ட் வழக்கம்போல் கெட்டிருந்தது.
தோளிலிருந்து இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான்.
‘பழைய ஆள் எங்கப்பா?’
‘நிப்பாட்டிட்டாங்கண்ணே.
ரவாங் பக்கம் கார் கழுவுற எடத்துல இருக்காராம்.’
பிறகு, மீதிச் சில்லறையை எண்ணியபடி,
‘அந்த வீடியோ நீங்க பாக்கலையா?’
பார்த்தேன் என்றேன்.

அன்றிரவு முழுதையும் ஏற்றினேன்,
தூண், தார் சாலை, ஓசை எல்லாம் சேர்த்து.
மேலே நான்கு வரி விளக்கம், ஒரு மன்னிப்பு.
பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதில் பாதி நானாக இருக்கலாம்.
ஒருவன் மட்டும் கேட்டிருந்தான்:
‘அடிக்கிறது எப்ப வரும்?’
எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு உடனே வேலை கிடைக்கும்.

ரவாங்கில் கார் கழுவும் இடங்களைத் தேடினேன்.
பத்தொன்பது.
ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.
ஒன்றின் கீழே யாரோ:
‘ஒரு தமிழ் ஆள். லேசாகக் கால் தாங்குகிறார்.
எது கேட்டாலும் பேச மாட்டார்.
ஆனால் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைக்கிறார்.
நான்கு நட்சத்திரம்.’